நாரத்தையின் கால்வழி: சிட்ரஸ் குடும்ப வகைப்பாட்டில் மரபணுச் சான்றின் வரலாறு

நம் ஊர் ஈரச்சந்தைகளில் காலைப்பொழுதில் ஒரு சுற்று வந்தால், 'லிமாவ்' என்னும் ஒரே மலாய்ச் சொல் ஐந்தாறு காய்கனிகளுக்கு முன்னே நிற்பதைக் கேட்கலாம். லிமாவ் நிப்பிஸ், லிமாவ் கஸ்தூரி, லிமாவ் பூருட், லிமாவ் பாலி, லிமாவ் மண்டரின் என்று அந்த வரிசை நீளும். தமிழோ எலுமிச்சை, நாரத்தை, கிச்சிலி, கொழுமிச்சை, கடாரங்காய், பம்ப்ளிமாஸ் என ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெயரிட்டு நிறுத்துகிறது. ஒரு மொழி தொகுத்துக் காண்கிறது. மற்றொரு மொழி வகுத்துக் காண்கிறது. ஆயினும் கறிவேப்பிலையையும் வில்வத்தையும் விளாவையும் இக்கனிகளோடு ஓரினமாக எண்ணும் வழக்கம் இவ்விரு மொழிகளிலும் இல்லை. தாவரவியல் இவை அனைத்தையும் ரூட்டேசி என்னும் ஒரே குடும்பத்தில் வைக்கிறது. ஏறத்தாழ 150 பேரினங்களும் 2,000 சிற்றினங்களும் கொண்ட பெருங்குடும்பம் அது.

இக்கூற்றை மாணவர் நம்ப மறுத்தால், ஆசிரியர் செய்யவேண்டிய செயல் எளிது. ஒரு கறிவேப்பிலையையும் ஓர் எலுமிச்சை இலையையும் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துக் காட்டினால் போதும். ஊசிமுனை அளவான ஒளிப்புள்ளிகள் இரண்டிலும் தெரியும். அவை நறுமண எண்ணெய் தங்கும் சுரப்பிகள். இலையைக் கசக்கினால் மணம் எழுவது அவற்றால்தான்.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒப்புமை எவ்வளவு தூரம் நம்மை அழைத்துச் செல்லும்? எந்த இடத்தில் அது வழிதவறச் செய்யும்? மொழியியலில் நாம் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவந்த கேள்வி இது. இதே கேள்வியைத் தாவரவியலார் சிட்ரஸ் குடும்பத்தின்பால் 250 ஆண்டுகளாகக் கேட்டு வந்துள்ளனர். அவர்களுக்கு மரபணு தந்த விடையும், அவ்விடைக்குள்ள எல்லையும் இக்கட்டுரையின் பொருளாகும்.

கண் கண்ட வகைப்பாடு

தொல்காப்பிய மரபியல் நிலைத்திணையைக் காழ்கொண்டு பிரிக்கிறது. வயிரம் வெளிப்புறத்தே அமைந்தவை புல் எனவும், உட்புறத்தே அமைந்தவை மரம் எனவும் பெயர்பெறும். தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லினத்தில் அடங்குவது இவ்வாறுதான். இன்றைய ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டோடு இது பெருமளவு ஒத்துவருவதைப் பலர் வியந்து எழுதியுள்ளனர். ஒத்துவருவது உண்மையே. ஆனால் மரபியல் ஆசிரியர் கால்வழியைத் தேடவில்லை. தண்டின் உறுதி எங்குள்ளது என்பதையே நோக்கினார். வகைப்பாட்டின் நோக்கம் வேறு, அதன் விளைவு வேறு. இவ்வேறுபாட்டை மறந்துவிட்டுப் பழைய நூல்களைப் புகழ்வதில் நமக்கு உடன்பாடு இல்லை.

சீனத்தில் 1178இல் ஹான் யென்சி என்பவர், வென்சோவ் வட்டாரத்தில் விளைந்த 27 வகைகளை விளக்கி ஒரு நூல் எழுதினார். சிட்ரஸ் பழங்களைப் பற்றியே தனியாக எழுந்த நூல்களுள் அது மிகப் பழையது. அதுவும் தோட்டக்காரரின் கண்ணால் கண்ட வகைப்பாடே.

ஐரோப்பாவில் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் சிட்ரஸ் என்னும் பேரினத்துக்குக் கொடுத்தவை இரண்டே சிற்றினங்கள். தடித்த தோலும் குறைந்த சாறும் உடைய சிட்ரான் ஒன்று. எலுமிச்சைகளை அவர் அதன் வகையாக்கினார். கசப்பு ஆரஞ்சு மற்றொன்று. இனிப்பு ஆரஞ்சையும் பம்ப்ளிமாசையும் அதன்கீழ் வைத்தார். மலரின் மகரந்தத் தாள்களை எண்ணியும் அவை இணைந்த முறையைக் கண்டும் வகுப்பது அவர் வழக்கம். அந்த அளவுகோலால் வில்வமரம் நம் மாவிலங்க மரத்தின் பேரினமாகிய கிரட்டேவாவில் போய்ச் சேர்ந்தது. இரண்டிற்கும் இலை மூன்று மூன்றாக அமைந்திருக்கும்; உறவு அதற்குமேல் இல்லை. கொர்ரேயா த செர்ரா என்னும் போர்ச்சுகீசிய அறிஞர் 1800இல் வில்வத்தை மீட்டு, ஈகிள் என்னும் தனிப்பேரினம் அமைத்தார்.

இக்கதையில் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் பங்குண்டு. லின்னேயசின் மாணவரான யோகான் கெர்கார்டு கோனிக் 1768இல் தரங்கம்பாடியில் இருந்த டேனிய மறைபணிக் குழுவிற்கு மருத்துவராக வந்தார். சோழமண்டலக் கரையின் செடிகொடிகளைத் திரட்டித் தம் ஆசிரியருக்கு அனுப்பினார். அவற்றின் துணையோடு 1771இல் இரு பேரினங்கள் அச்சேறின. ஒன்று முர்ராயா; நம் வீட்டு வேலிகளில் நறுமணம் வீசும், மலாய் மக்கள் கெமுனிங் என்றழைக்கும் வெண்மலர்ச் செடி அதனுள் அடங்கும். மற்றொன்று பெர்கெரா. அதன் சிற்றினப் பெயர் கோனிகி. அதுவே நம் கறிவேப்பிலை. சமையற்கட்டில் நாள்தோறும் கிள்ளிப் போடும் இலையின் அறிவியற்பெயரில் தரங்கம்பாடி மருத்துவர் ஒருவர் நிலைபெற்றிருப்பதை நம் மாணவர் அறிந்திருப்பது நன்று. கோனிக் பின்னர் சயாமுக்கும் மலாக்கா நீரிணைப் பகுதிக்கும் பயணம் செய்தார். அப்பயணக் குறிப்புகள், அவர் 1785இல் மறைந்து நூறாண்டுக்கும் மேலான பிறகு, நீரிணைக் குடியேற்றப் பகுதியின் அரச ஆசியக் கழக இதழில் ஆங்கிலத்தில் வெளிவந்தன.

1825இல் ஸ்பிரெங்கல் என்னும் செருமானியர் இவ்விரண்டையும் ஒன்றாக்கினார். பெர்கெரா மறைந்து, கறிவேப்பிலை 'முர்ராயா கோனிகி' ஆயிற்று. நம் பாடநூல்கள் பலவற்றில் இன்றும் அப்பெயரே உள்ளது. இதனை நினைவில் வைத்துக்கொள்வோம். மீண்டும் இங்கு வருவோம்.

பதினாறா, நூற்றறுபதா?

இருபதாம் நூற்றாண்டில் சிட்ரஸ் வகைப்பாட்டை இருவர் ஆண்டனர். அமெரிக்க வேளாண்துறையைச் சேர்ந்த வால்ட்டர் சுவிங்கிள் 1943இல் வெளியிட்ட பெருங்கட்டுரையில் சிட்ரஸ் பேரினத்திற்கு 16 சிற்றினங்கள் என்றார். சப்பானியரான தியோசபுரோ தனாக்கா தாம் வாழ்ந்த காலமெல்லாம் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே சென்று, முடிவில் 160ஐத் தாண்டினார். ஒரே பழங்களைப் பார்த்த இரு பேரறிஞர் பத்து மடங்கு வேறுபட்டனர். இருவரும் கவனக் குறைவானவர் அல்லர். இருவரும் பல நாடுகளில் நேரில் கண்டு ஆய்ந்தவர்கள்.

வேறுபாட்டின் காரணம் சிட்ரஸ் விதைக்குள் இருக்கிறது. 1719இலேயே நுண்ணோக்கி வல்லுநர் லேவன்ஹூக் ஓர் ஆரஞ்சு விதையைப் பிளந்து, உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருப்பதைக் கண்டார். அவற்றுள் ஒன்றே தாயும் தந்தையும் கூடிப் பிறந்தது. ஏனையவை தாயின் சூல்திசுவிலிருந்து நேரே முளைப்பவை. எனவே தாயின் அச்சு அசலான படிகள். பெரும்பாலும் இவையே வலுவாக வளர்ந்து மற்றதை நெருக்கிவிடும். விளைவு யாதெனில், எப்போதோ ஒருமுறை தற்செயலாகத் தோன்றிய கலப்பினம்கூட விதைவழியே தலைமுறை தலைமுறையாக மாறாமல் தொடரும். விதைபோட்டு வளர்த்தாலும் மாறாத ஒன்றைத் தனிச் சிற்றினம் என்று தனாக்கா கொண்டது அதனால்தான். சுவிங்கிளோ அத்தகையவற்றுள் பலவற்றைக் கலப்பினம் என்று ஒதுக்கினார். ஆனால் இனிப்பு ஆரஞ்சையும் எலுமிச்சையையும் அவரும் சிற்றினமாகவே விட்டுவைத்தார்.

எண்ணிக்கையில் கஞ்சரான அதே சுவிங்கிள், பேரினங்களைப் பிரிப்பதில் தாராளமாயிருந்தார். கும்குவாட் என்னும் சிறுகனிக்கு 1915இல் பார்ச்சுனெல்லா என்னும் புதுப்பேரினம் தந்தார். ஆஸ்திரேலியக் காட்டு எலுமிச்சைகளுக்கு இரண்டு பேரினங்கள். மூவிலை ஆரஞ்சு போன்சிரஸ் என்னும் பேரினத்தில் தனித்து நின்றது. சீனப் புத்தாண்டுக் காலத்தில் கடைவாசல்களில் தொட்டியில் வைக்கும் லிமாவ் கஸ்தூரி, இக்கணக்குப்படி இரு பேரினங்களுக்கு இடையே பிறந்த அரிய கலப்பாகிவிட்டது. அதற்கென்றே ஓர் இரட்டைப் பேரினப் பெயரும் கட்டப்பட்டது.

1970களில் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1975இல் ஸ்கோராவும், 1976இல் பாரெட், ரோட்ஸ் ஆகிய இருவரும், இலை மலர் கனிகளின் இயல்புகளையும் வேதிப்பொருள்களையும் கணக்கிட்டு ஆராய்ந்து, பயிராகும் சிட்ரசுள் அடிப்படைச் சிற்றினங்கள் மூன்றே என்றனர்: சிட்ரான், மண்டரின், பம்ப்ளிமாஸ். மற்றவை இம்மூன்றின் கலப்புகள் என்பது அவர்கள் துணிவு. மரபணுச் சான்று கைக்கு வருமுன்பே இம்முடிவுக்கு வந்தவர்களை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும்.

தாய்வழிச் செய்தியும் இருவழிச் செய்தியும்

மொழிகளைக் குடும்பமாக வகுத்த வரலாறு இங்கே உதவும். தெலுங்கில் வடசொற்கள் மலிந்திருப்பதைக் கண்டு, அது வடமொழியின் வழித்தோன்றல் என்று கருதியோர் பலர். 1816இல் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் வேர்ச்சொற்களை ஒப்பிட்டு அக்கருத்தை மறுத்தார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் அதனை விரித்து நிறுவியது. கடனாக வந்தது எது, பிறப்பால் வந்தது எது என்று பிரித்தறிவதே அங்கு உயிர்நிலை. ஆகஸ்ட் ஷ்லைகர் மொழிகளை மரக்கிளைகளாக வரைந்து, 1863இல் டார்வினின் கொள்கையோடு அதனை ஒப்பிட்டும் எழுதினார். 1872இல் யோகான்னஸ் ஷ்மிட், கிளைகள் பிரிந்தபின்னும் ஒன்றையொன்று தழுவும் என்று காட்டி, அலைக்கொள்கையை முன்வைத்தார். சிட்ரசின் வரலாறு ஷ்லைகரின் மரத்தைவிட ஷ்மிட்டின் அலைக்கே அணுக்கமானது என்பது நம் கருத்து.

டி.என்.ஏ. என்பது நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட தொடர். படியெடுக்கும்போது எழுத்துகள் அரிதாக மாறும். மாறியது வழித்தோன்றல்களுக்குச் செல்லும். ஏடெழுதுவோர் செய்த பிழைகளைக்கொண்டு சுவடிகளின் வழிமுறையைக் கண்டறியும் பதிப்பாசிரியர் முறைக்கும் இதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. உ.வே.சாமிநாதையர் காலத்துப் பதிப்பு முன்னுரைகளைப் படித்த தமிழாசிரியருக்கு மரபணு ஆய்வின் தருக்கம் புதிதாகத் தோன்றாது. இரண்டு சுவடிகள் ஒரே பிழையைப் பகிர்ந்தால் அவற்றிற்கு ஒரே மூலம் இருந்திருக்கும் என்பதே இரண்டிடத்தும் அடிப்படை.

சிட்ரஸ் உயிரணுவில் இருவகை ஏடுகள் உள்ளன. உட்கருவில் உள்ள 9 இணைக் குரோமோசோம்கள் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருபவை. இலையைப் பச்சையாக்கும் பசுங்கணிகங்களுக்கும் தனியே ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு, அது தாய்வழி மட்டுமே இறங்கும். முன்னதையும் பின்னதையும் தனித்தனியே படித்து ஒப்பிட்டால், ஒரு கலப்பினத்தின் தாய் யார், தந்தை யார் என்பது வெளிப்பட்டுவிடும்.

1990களிலிருந்து இவ்வாறு படித்தபோது வெளிவந்த செய்திகள் கதைபோல் இருக்கின்றன. கசப்பு ஆரஞ்சுக்குத் தாய் பம்ப்ளிமாஸ், தந்தை மண்டரின். மேலைநாட்டார் லெமன் என்னும் மஞ்சள்நிற நீள்கனிக்குத் தாய் அந்தக் கசப்பு ஆரஞ்சு, தந்தை சிட்ரான். எனவே லெமனின் பாட்டி பம்ப்ளிமாஸ். இனிப்பு ஆரஞ்சு ஒரே கலப்பில் பிறந்ததன்று. பம்ப்ளிமாசும் மண்டரினும் பன்முறை கலந்ததன் பயன், ஆயினும் அதன் பசுங்கணிகமும் பம்ப்ளிமாசுடையதே. 18ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில் தோன்றிய கிரேப்புருட்டு, பம்ப்ளிமாசும் இனிப்பு ஆரஞ்சும் கூடிப் பிறந்தது. ஈப்போவை அடுத்த தம்பூனில் சாலையோரம் வலைப்பையில் தொங்கும் அப்பெரிய பழத்தின் இனமே உலகச் சந்தையை ஆளும் இத்தனை கனிகளுக்கும் தாய்வழி. சிட்ரானோ இக்கலப்புகளில் எங்கும் தந்தையாகவே வருகிறது. தாயாக வந்ததே இல்லை.

தமிழர் எலுமிச்சை என்பது லெமன் அன்று. அது மெல்லிய தோலும் உருண்டை வடிவும் உடைய லிமாவ் நிப்பிஸ். அதன் தந்தையும் சிட்ரானே. தாய், சிட்ரஸ் மைக்ராந்தா என்னும் சிறுமலர் மரம். பிலிப்பைன்ஸ் தீவுகளில் இயற்கையாக வளர்வது, லிமாவ் பூருட்டுக்கு நெருங்கிய உறவு. மஞ்சள் பூசி வாயிலில் வைக்கும், உப்பிட்டு ஊறுகாயாக்கும் கனியின் தாய்வழி தென்கிழக்காசியத் தீவுகளுக்குச் செல்கிறது. லெமனும் எலுமிச்சையும் ஒருதந்தை மக்கள், தாய் வேறு. ஆங்கிலத்தின் இரு சொற்களை நாம் ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிடுவதால், பாடநூல்களில் இக்குழப்பம் தீராமல் இருக்கிறது.

2013இல் இனிப்பு ஆரஞ்சின் முழு மரபணுத்தொகுதியைச் சீன ஆய்வாளர் வெளியிட்டனர். மறு ஆண்டே பன்னாட்டுக் குழுவொன்று, கலப்பற்றவை என்று கருதப்பட்ட மண்டரின்களுள்ளும் பம்ப்ளிமாசின் துண்டுகள் கலந்திருப்பதைக் காட்டியது. புத்தாண்டில் இணையிணையாகக் கைமாறும் பொங்கான் பழமும் அத்தகையதே. தூய மண்டரின் என்று நாம் உண்பவற்றுள் பெரும்பாலானவை தூயன அல்ல. மொழியில் தூய்மை பேசுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

2018இல் வூ, தாலோன், ரோக்சார், கிமிட்டர் முதலியோர் 60 மரங்களின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு, இயற்கையான மூலச் சிற்றினங்கள் 10 என்றனர். ஏறத்தாழ 8 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், இமயமலையின் தென்கிழக்குச் சரிவை ஒட்டிய அசாம், வட மியன்மார், மேற்கு யுன்னான் பகுதியில் இவை விரைந்து கிளைத்தன என்பது அவர்கள் முடிவு. கும்குவாட்டும் ஆஸ்திரேலிய எலுமிச்சைகளும் சிட்ரசின் உள்ளேயே கிளைத்தவையாகத் தெரிந்தன. டேவிட் மேபர்லி என்னும் தாவரவியலார் 1990களின் பிற்பகுதியிலேயே இவற்றை எல்லாம் சிட்ரசுக்குள் மீண்டும் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். சுவிங்கிள் எழுப்பிய வேலிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. லிமாவ் கஸ்தூரியும், கும்குவாட்டும் மண்டரினும் கூடிய எளிய உடன்பேரினக் கலப்பாயிற்று.

ஆனால் 2023இல் வெளிவந்த மற்றொரு பேராய்வு, 314 மரபணுத்தொகுதிகளைக் கொண்டு, சிட்ரஸ் பேரினத்தின் முதல் தாயகம் தென்-நடுச் சீனம் என்றும், அதனைச் சூழ்ந்த உறவுப் பேரினங்களின் தொன்னிலம் பண்டைய இந்திய நிலத்தட்டு என்றும் கூறுகிறது. ஒரே வகைச் சான்று, இரண்டு தாயகங்கள்! மரபணு தானே பேசுவதில்லை. எந்த மரங்களைச் சேர்த்தோம், எந்தக் கணிப்பு முறையைப் பின்பற்றினோம் என்பதைப் பொறுத்து விடை நகரும். மூவிலை ஆரஞ்சின் பசுங்கணிகம் ஓரிடத்தைச் சுட்டும்போது உட்கரு வேறிடத்தைச் சுட்டுகிறது. அதனால் அதனைச் சிட்ரசில் சேர்ப்போரும் போன்சிரசாகவே வைத்திருப்போரும் இன்றும் உளர்.

கறிவேப்பிலை வீடு திரும்பிய வரலாறு

குடும்பம் முழுவதையும் நோக்கினால் மாற்றம் இன்னும் பெரிது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எங்ளர் என்னும் செருமானியர், கனி எத்தகையது என்பதையே பெரிதும் பற்றி, ரூட்டேசியின் துணைக்குடும்பங்களை வகுத்தார். நூறாண்டு அதுவே நின்றது. 1999இல் சேஸ், மோர்ட்டன், கலுங்கி ஆகியோர் இரண்டு பசுங்கணிக மரபணுக்களைப் பல பேரினங்களில் படித்தபோது, கனியைக் கொண்டு வகுத்த எல்லைகளுள் பல நிற்கவில்லை. செடிகளில் உள்ள வேதிப்பொருள்கள் காட்டிய உறவே மரபணு காட்டிய உறவோடு பொருந்தியது. 2021இல் வெளியான மறுவகைப்பாடு குடும்பத்தை 6 துணைக்குடும்பங்களாக்கியது. ஆரஞ்சுத் துணைக்குடும்பம் மட்டும் ஏறக்குறைய பழையபடியே நிலைத்தது.

கறிவேப்பிலைக்கு வருவோம். 1980களில் வேதியியலார் ஓர் ஐயத்தை எழுப்பினர். முர்ராயா என்று ஒரே பேரினத்தில் அடைக்கப்பட்டவற்றுள் ஒரு சாரார் கார்பசோல் என்னும் வகை ஆல்கலாய்டுகளை உண்டாக்குகின்றன, கறிவேப்பிலை அச்சாரார். கெமுனிங் முதலியன கூமரின் வகைப் பொருள்களை உண்டாக்குகின்றன. ஒரே பேரினத்தில் இத்தகைய பிளவு இயல்பன்று. 2001இல் சாமுவேல், ஏரன்டார்பர், சேஸ், கிரேகர் ஆகியோர் பசுங்கணிக டி.என்.ஏ.யைப் படித்து, ஐயத்தை உறுதிசெய்தனர். கெமுனிங் ஆரஞ்சு, எலுமிச்சை இருக்கும் கிளையைச் சேர்ந்தது. கறிவேப்பிலையோ கிளாசெனா என்னும் வேறு கிளையின் பக்கம் நிற்கிறது. ஆகவே 1825இல் மறைந்த பெர்கெரா மீண்டும் எழுந்தது. கோனிக்கின் பொருள்களைக்கொண்டு 1771இல் செய்த பிரிப்பே சரியென்று, 230 ஆண்டு கழித்து, வேறொரு வகைச் சான்று சொல்லிற்று.

நம் முன்னோர் இலைக்கு இட்ட பெயரையும் இங்கே நோக்கலாம். கறிவேப்பிலை என்பது கறிக்குரிய வேம்பின் இலை. சிறகுபோல் அடுக்கிய சிற்றிலைகளைக் கண்டு வேம்போடு சேர்த்தனர். வேம்பு மீலியேசி என்னும் வேறு குடும்பம். ஆனால் மரபணுச் சான்றுப்படி ரூட்டேசியும் மீலியேசியும் ஒரே வரிசையில் மிக அண்மையில் நிற்கும் குடும்பங்கள். பெயரிட்டோர் இதனை அறிந்து இட்டனர் என்று சொல்வது பிழை. உருவ ஒப்புமை சில வேளைகளில் உறவையும் தொட்டுவிடும் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.

இதே எச்சரிக்கை நாரத்தைக்கும் வேண்டும். ஆங்கில 'ஆரஞ்சு' என்னும் சொல் அரபு நாரஞ்சு, பாரசீக நாரங்கு, வடமொழி நாரங்கம் வழியே சென்று, திராவிட மூலத்தைத் தொடும் என்பது சொற்பிறப்பறிஞர் பலர் கொண்ட கருத்து. குறிஞ்சிப்பாட்டில் அடுக்கப்படும் மலர்களுள் நரந்தமும் ஒன்று; அதனை நாரத்தம்பூ என்பர். இதனைக்கொண்டு ஆரஞ்சு மரமே தமிழகத்தில் தோன்றியது என்று மேடைகளில் முழங்குவோரை நாம் பலமுறை கேட்டதுண்டு. சொல்லின் வழி வேறு, செடியின் வழி வேறு. ஒரு கனி வடகிழக்கு மலைச்சாரலில் பிறந்து, தென்னாட்டில் பெயர்பெற்று, வணிகரோடு மேற்கே சென்றிருக்கக்கூடும். சொல் தமிழாயிருப்பதற்கு மரம் தமிழகத்து முதன்மரமாய் இருக்கவேண்டியதில்லை. மேலும், அவ்வழியே முதலில் சென்றது கசப்பு ஆரஞ்சு. இனிப்பு ஆரஞ்சு ஐரோப்பாவில் பரவியது பிற்காலத்தில். அதனால்தான் கிரேக்கமும் அரபும் அதனைப் போர்ச்சுகலின் பெயரால் அழைக்கின்றன, டச்சுமொழி சீன ஆப்பிள் என்கிறது. பம்ப்ளிமாஸ் என்னும் சொல் டச்சிலிருந்து தமிழுக்கு வந்ததா, தமிழிலிருந்து டச்சுக்குச் சென்றதா என்பதில் அகராதியாளர் இருபக்கமும் பேசியுள்ளனர்.

கடாரங்காய் என்னும் பெயர் நமக்கு இன்னும் நெருக்கமானது. கடாரநாரத்தை என்றும் அதற்குப் பெயருண்டு. கடாரம் என்றவுடன் கெடாவையும், இராசேந்திர சோழனின் கடற்படையையும் நினைப்பது நமக்கு இயல்பு. ஆனால் கடாரம் என்பதற்குக் கொப்பரை என்னும் பொருளும் தமிழில் உண்டு. பருத்த காய்க்கு அப்பொருளாலும் பெயர் அமையலாம். ஒலியொப்புமை ஒன்றைக்கொண்டு ஊரைக் காட்டுவது, இலையொப்புமை ஒன்றைக்கொண்டு வில்வத்தை மாவிலங்கத்தோடு சேர்த்ததைப் போன்றது. கெடாவில் வளரும் மரங்களின் இலையும் தஞ்சைப் பகுதிக் கடாரங்காய் மரத்தின் இலையும் ஆய்வுக்கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத்தக்கவை. தாவரவியல் பயிலும் நம் மாணவர் எவரேனும் இதனைத் தம் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பெயர் எதுவானால் என்ன, புளிப்பு ஒன்றுதானே என்று கேட்கத் தோன்றும். சிட்ரஸ் மரங்களைக் கொல்லும் பச்சைமாற்ற நோய் 2005இல் புளோரிடாவில் கண்டறியப்பட்டது. இருபதாண்டுக்குள் அம்மாநிலத்தின் ஆரஞ்சு விளைச்சல், நோய்க்கு முந்தைய உச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. நோயைப் பரப்பும் சிறு சாறுண்ணிப் பூச்சி எலுமிச்சை இனங்களோடு கெமுனிங் செடியையும் பெரிதும் விரும்பி முட்டையிடும், கறிவேப்பிலையிலும் வளரும். எனவே அமெரிக்கத் தனிமைக்காப்பு விதிகளின் பட்டியலில் முர்ராயா, பெர்கெரா இரண்டும் இடம்பெறுகின்றன. கறிவேப்பிலைக் கொத்தை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வோர் விமான நிலையத்தில் தடுக்கப்படுவதன் காரணம் இதுவே. நோயைத் தாங்கும் இயல்பு ஆஸ்திரேலிய விரல் எலுமிச்சை போன்ற காட்டினங்களில் காணப்பட்டுள்ளது. வேறு பேரினம் என்று சுவிங்கிள் ஒதுக்கிவைத்த அச்செடிகளை, இன்று ஆரஞ்சின் உடன்பிறப்புகளாகக் கொண்டு பயிர்க்கலப்பாளர் தம் தோட்டங்களில் ஆரஞ்சோடு இணைத்து வருகின்றனர்.